துடைக்கிற தண்ணிக்கு என்ன பேரு?

"காலு மதமதன்னு இருக்குது சார். செருப்பு கழண்டு விழுந்தாக்கூட தெரிய மாட்டேங்குது."

இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி இப்படிச் சொல்லிக்கொண்டு மருத்துவர் முன்னால் வந்து உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரகடத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவில் எங்கேயோ ஒரு சின்ன கிளினிக். என்ன வேலை என்று கேட்கிறார். கண்ணாடி துடைக்கிற வேலை என்கிறாள். எதை வைத்துத் துடைப்பாய்? "ஒரு தண்ணி குடுப்பாங்க சார். ஸ்பிரிட் வாசனை வரும். சட்டுனு காஞ்சிடும்." அதற்கு என்ன பெயர்? "தொடைக்கிற தண்ணின்னுதான் சொல்லுவோம்."

மருத்துவர் கெட்டிக்காரர்தான். ஆனால் வெளியே முப்பது பேர் காத்திருக்கிறார்கள். செல்பேசியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்கிறார்: இளம்பெண், இரண்டு காலும் மரத்துப்போகிறது, என்ன காரணம்? ஐந்தாறு நொடியில் பதில் வந்துவிடுகிறது. சர்க்கரை, பி12 குறைவு, தைராய்டு, கீழ் முதுகெலும்பில் நரம்பு அழுந்துதல். எதுவும் தப்பில்லை. சத்து மாத்திரை எழுதித் தருகிறார். அவள் இரவு ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறப் போய்விடுகிறாள்.

இந்தப் பெண் என் கற்பனை. ஆனால் சீனாவின் சூஜோ நகரில் 2009, 2010-இல் இப்படிக் கால் மரத்துப்போய் விழுந்தவர்கள் கற்பனை இல்லை. வின்டெக் என்ற தைவான் நிறுவனத்தின் ஆலை அது. செல்பேசித் தொடுதிரை செய்துவந்தார்கள். ஆல்கஹால் வைத்துத் துடைத்த இடத்தில், இன்னும் சீக்கிரம் காய்கிறது என்று என்-ஹெக்சேன் வந்தது. மூச்சோடு உள்ளே போன ஹெக்சேன் உடம்பில் வேறொரு பொருளாக மாறி நரம்பிழைகளைச் சிதைக்கும். நீளமான நரம்புக்குத்தான் முதல் அடி. அதனால்தான் காலில் தொடங்குகிறது. 137 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதாக ஆப்பிள் நிறுவனமே 2011-இல் தன் அறிக்கையில் சொன்னது. 2014-இல் இறுதி அசெம்ப்ளி வேலைகளில் பென்சீனையும் என்-ஹெக்சேனையும் தடை செய்தது.

எரிச்சலூட்டும் விஷயம், இது புது நோயே இல்லை. 1960-களில் ஜப்பானில் செருப்பு ஒட்டும் வேலை செய்தவர்களுக்குப் பசையிலிருந்த ஹெக்சேனால் இதே நோய் வந்து, மருத்துவ இதழில் விவரமாகப் பதிவாகிவிட்டது. நாற்பது ஆண்டுகளாக அலமாரியில் இருந்த தகவல். அதே அலமாரியில் இன்னொரு செய்தியும் உண்டு: அந்த வேலையை விட்ட பிறகும் சில வாரங்கள், சில சமயம் மாதங்கள், நோய் ஏறிவிட்டுத்தான் இறங்கும். இது தெரியாத மருத்துவர், 'வேலையை நிறுத்தியும் கூடிக்கொண்டு போகிறதே, அப்படியானால் காரணம் வேலை இல்லை' என்று முடிவு கட்டினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அலமாரிக்கும் அந்த மருத்துவருக்கும் நடுவில் நிற்க வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். மருத்துவ நூலகர் என்பது அவர் வேலையின் பெயர். செயற்கை நுண்ணறிவு வந்ததும் காணாமல் போகப்போகும் வேலைகளின் பட்டியலில் அவரையும் சேர்த்துப் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நின்று அதைப் படித்தால் சிரிப்புதான் வருகிறது. இல்லாத வேலையை யார் பறிப்பது?

ஆலை வந்த வேகம்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் முதல் காரை வெளியே விட்டது 1998-இல். 2006-இல் நோக்கியா வந்தது, 2014-இல் மூடிக்கொண்டு போனது. அந்த வளாகத்தில் பிற்பாடு சால்காம்ப் சார்ஜர் செய்ய வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான்; அந்தப் பக்கத்திலேயே டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ். பாக்ஸ்கானில் வேலை செய்யும் பெண்கள் தங்குவதற்கென்று வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க ஏரிக்கரையோரமாகப் போன சாலையில் இன்றைக்குக் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன.

ஆபத்தான செய்முறை உள்ள ஆலையில் மருத்துவ மையம் இருக்க வேண்டும். மருத்துவர், செவிலியர், ஆம்புலன்ஸ் எல்லாம் வேண்டும் என்று விதி உண்டு. ஆலைக்காரர்கள் அதை 'ஓ.ஹெச்.சி.' என்பார்கள். ஆலை மருத்துவருக்குத் தனிப் படிப்பும் உண்டு. தரமணியில் இருக்கும் மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் நடத்துகிறார்கள். தொழில்நோய் என்று 29 நோய்களை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பட்டியலிட்டது. கண்டுபிடித்த மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது. அறிவிக்க வேண்டும் என்கிற கடமை மருத்துவர் தலையில். கண்டுபிடிக்கத் தேவையான தகவலை அவர் கைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது யார் என்பதற்கு மட்டும் எந்த விதியிலும் ஒரு வரி கிடையாது.

நூலகரே இல்லாத ஊர் என்றும் சொல்லிவிட முடியாது. தண்டலத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி, போரூரில் ஒன்று, காஞ்சிபுரம் ஏனாத்தூரில் ஒன்று. மருத்துவக் கல்லூரி என்றால் நூலகம் இருந்தாக வேண்டும். அங்கே மாணவர்கள், பட்ட மேற்படிப்பு ஆய்வேடுகள், ஆய்வுக்கு வரும் குழுக்கள் என்று நூலகர்களுக்கு வேலை சரியாக இருக்கிறது. கல்லூரி வாசலிலிருந்து ஆலை வாசல் பஸ்ஸில் அரை மணி, முக்கால் மணி. ஆலை மருத்துவர் அந்த நூலகத்தில் உறுப்பினர் இல்லை, அவ்வளவுதான்.

2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 159 பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள். நம்பக்கூடிய ஒரு குரல் இல்லாத இடத்தில் உடம்பைப் பற்றிய செய்தி எப்படி ஓடும் என்பதை இந்தச் சாலை அன்றைக்கே பார்த்துவிட்டது. அப்போது சாட்ஜிபிடிகூட வந்திருக்கவில்லை.

கேஸ் ஏறிடுச்சு

நூலகர் என்றால் புத்தகத்துக்கு முத்திரை குத்துகிறவர் என்று நினைப்பவர்களுக்காக ஒரு விளக்கம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931-இல் ஐந்து விதிகளை எழுதினார். நான்காவது விதி வாசகரின் நேரத்தைப் பற்றியது. வாசகர் கேட்பது ஒன்று, அவருக்குத் தேவைப்படுவது வேறொன்று. பேச்சுக் கொடுத்துத் தேவையை வெளியே எடுப்பதுதான் நூலகரின் முதல் வேலை என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

நம் பெண்ணின் வார்த்தைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மதமதப்பு, மரத்துப்போவது, குறுகுறுப்பு, எரிச்சல், ஊசி குத்துகிறாற்போல இருப்பது. தமிழில் இவை ஐந்தும் வேறு வேறு. மருத்துவ ஆங்கிலத்திலும் வேறு வேறு. இயந்திரம் மொழிபெயர்க்கும்போது ஐந்தையும் ஒரே சொல்லில் போட்டு அமுக்கிவிட வாய்ப்பிருக்கிறது. 'கேஸ் ஏறிடுச்சு' என்று ஒரு தொழிலாளி சொன்னால் வயிற்றில் வாயுவா, பெயின்ட் ஷாப்பில் புகையைச் சுவாசித்தாரா? இரண்டுக்கும் நம் ஊரில் ஒரே வாக்கியம்தான். பக்கத்து வரிசையில் நிற்கும் ஒடிசாக்காரர், பீகார்க்காரர் எப்படிச் சொல்வார் என்பது தனிக் கதை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க மருத்துவ நூலகர்களுக்கு ஒரு பழைய ஆயுதம் இருக்கிறது. மருத்துவக் கட்டுரைகளுக்கான அட்டவணையை ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் 1879-இல் அச்சிடத் தொடங்கினார். 1960-இல் அதற்கென்று கட்டுப்பாடான சொற்பட்டியல் ஒன்று உருவானது. மெஷ் என்பது அதன் செல்லப் பெயர். 1971-இல் அந்த அட்டவணை மெட்லைன் என்ற பெயரில் கணினிவழித் தேடலுக்கு வந்தது. 1996-இல் பப்மெட் என்ற இணையத் தேடல். இன்றைக்கு அதில் 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேலான பதிவுகள், யாருக்கும் இலவசம். கட்டுரையாளர் எந்தச் சொல்லை எழுதியிருந்தாலும் அட்டவணைக்காரர் ஒரே தலைப்பின் கீழ் போட்டுவைப்பார். அந்த வேலையைக்கூட 2022-இலிருந்து இயந்திரம்தான் செய்கிறது. ஆக, இயந்திரம் நூலகத்துக்குள் நேற்று நுழைந்த விருந்தாளி அல்ல.

சொல் தவறினால் என்ன ஆகும்? வாகனத்துக்குப் பூசும் இரு கலவைப் பெயின்டில் கெட்டிப்படுத்தும் பொருளாக ஐசோசயனேட்டுகள் இருக்கும். பாதுகாப்பில்லாமல் தெளித்தால் ஆஸ்துமா வரும். உலகம் முழுக்கப் பெயின்ட் ஷாப்களில் அறியப்பட்ட தொழில்நோய் அது. அதைப் பற்றி இந்தியாவில் என்ன ஆய்வு இருக்கிறது என்று 'ஐசோசயனேட், இந்தியா' என்று தட்டினால் போபால் வந்து குவியும். அங்கே கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். பெயின்டில் இருப்பது அதன் தூரத்து உறவு: ஹெக்சாமெத்திலீன் டைஐசோசயனேட். குடும்பப் பெயர் ஒன்று, ஆள் வேறு. பழகிய நூலகர் குடும்பப் பெயரை விட்டுவிட்டு, ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாக உள்ள சி.ஏ.எஸ். எண்ணைப் பிடித்துக்கொள்வார். என்-ஹெக்சேனுக்கு 110-54-3. ஆலைகளில் ஐ.பி.ஏ. என்று அழைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலுக்கு 67-63-0. இரண்டும் பார்க்கத் தண்ணீர் மாதிரிதான். இரண்டும் சட்டென்று காயும்.

போபாலைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1984 டிசம்பர் 2 இரவு ஹமீதியா மருத்துவமனை மருத்துவர்களுக்குக் கசிந்தது எந்த வாயு, அதற்கு என்ன மருத்துவம் என்று சொல்ல ஆளில்லை. அந்த இரவின் விளைவுதான் 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் நுழைந்த 41பி பிரிவு: ஆலையில் என்ன ஆபத்து இருக்கிறது என்பதைத் தொழிலாளிக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லியாக வேண்டும். காகிதம் வந்துவிட்டது. பாதுகாப்புத் தகவல் தாள் என்று பதினாறு பகுதிகளாக, ஆங்கிலத்தில், ஸ்டோர் ரூம் ஃபைலில் அது பத்திரமாக இருக்கும்.

47, 46, 7

செயற்கை நுண்ணறிவுத் தேடல் கருவிகளுக்கு வருவோம். 2023-இல் ஆய்வாளர்கள் சிலர் சாட்ஜிபிடியை மருத்துவக் கட்டுரைகள் எழுதச் சொல்லி, அது கொடுத்த 115 மேற்கோள்களைச் சரிபார்த்தார்கள். 47 சதவீதம் உலகத்திலேயே இல்லாதவை. 46 சதவீதம் உண்மையான கட்டுரைகள், ஆனால் விவரம் தப்பு. முழுக்கச் சரியாக இருந்தவை 7 சதவீதம். அந்தத் தலைமுறை போய்விட்டது. இப்போதைய கருவிகள் முதலில் தரவுத்தளத்தில் தேடி, பிறகு பேசுகின்றன. எலிசிட், கன்சென்சஸ் போன்றவை செமான்டிக் ஸ்காலர் தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்தவை. அப்டுடேட், கிளினிக்கல்கீ என்று மருத்துவர்கள் பணம் கட்டிப் படித்த தளங்களும் தங்கள் சொந்தச் சரக்கிலிருந்து மட்டும் பதில் சொல்லும் கருவிகளைக் கொண்டுவந்திருக்கின்றன.

இல்லாத கட்டுரையைக் காட்டும் வியாதி குறைந்தது. அதற்குப் பதிலாகக் கண்டுபிடிக்கக் கஷ்டமான இன்னொன்று வந்திருக்கிறது: கட்டுரை உண்மை, ஆனால் பதிலில் சொல்லியிருப்பது அந்தக் கட்டுரையில் இல்லை. அல்லது கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கும் முழுக் கட்டுரையைப் படிக்காமல் சுருக்கத்தை மட்டும் வைத்துப் பேசுகிறது. அல்லது திரும்பப் பெறப்பட்ட கட்டுரையை எடுத்துக்கொண்டு வருகிறது. 2023-இல் மட்டும் உலகம் முழுக்க 10,000-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. பெரும்பகுதி ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தினுடையவை. பழைய தேடலில் இன்று தட்டிய சூத்திரத்தை நாளை இன்னொருவர் தட்டிச் சரிபார்க்கலாம். புதிய கருவியிடம் அதே கேள்வியை இரண்டு முறை கேட்டால் இரண்டு பதில்.

உயிர் போகிற அளவுக்கு விஷயமா என்று கேட்பவர்களுக்கு, செயற்கை நுண்ணறிவுக்கு முந்தைய ஒரு சம்பவம். 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆஸ்துமா ஆராய்ச்சிக்கு முன்வந்த ஆரோக்கியமான 24 வயதுப் பெண்ணுக்கு ஹெக்சாமெத்தோனியத்தை மூச்சு வழியாகக் கொடுத்தார்கள். நுரையீரல் கெட்டு இறந்துபோனாள். அந்த மருந்து நுரையீரலுக்கு ஆபத்து என்று 1950-களிலேயே எழுதியிருந்தார்கள். ஆய்வாளர் தேடிய பப்மெட் அப்போது 1966 வரைதான் பின்னால் போனது. அதற்கு முந்தையது அச்சுப் புத்தகத்தில் இருக்கிறது என்பது மருத்துவ நூலகர்களுக்குப் பாலபாடம். 2025 ஆகஸ்டில் வெளியான இன்னொரு மருத்துவக் குறிப்பு: உணவில் குளோரைடைத் தவிர்க்க நினைத்த 60 வயதுக்காரர் சாட்ஜிபிடியிடம் யோசனை கேட்டு, சமையல் உப்புக்குப் பதில் மூன்று மாதம் சோடியம் புரோமைடு சாப்பிட்டு, பிரமை பிடித்து மருத்துவமனைக்கு வந்தார். குளோரைடுக்குப் பதில் புரோமைடு என்பது துப்புரவு வேலைக்குச் சரியான விடையாக இருக்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க அங்கே ஆளில்லை.

இதற்காகக் கருவியைத் தூக்கிப் போடச் சொல்லும் கட்சி இல்லை நான். ஸ்ரீபெரும்புதூருக்கு அது ஒரு பெரிய உதவி செய்ய முடியும், யாரும் அதிகம் பேசாத உதவி. இங்கே ஆலை வைத்திருப்பவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்? கொரியா, ஜப்பான், தைவான். இங்கே நாம் செய்யும் வேலையை முப்பது நாற்பது வருடம் முன்னால் அவர்கள் ஊர்த் தொழிலாளர்கள் செய்து, நோய்ப்பட்டு, வழக்காடியிருக்கிறார்கள். அந்த அனுபவத்தில் பாதி கொரிய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் சீனத்திலும் கிடக்கிறது. முன்பு ஒரு கட்டுரையை மொழிபெயர்க்க ஆள் தேடி வாரக்கணக்கில் அலைய வேண்டும். இப்போது ஐந்து நிமிடத்தில் ஒரு வரைவு கிடைத்துவிடும். முக்கியமான எண்களை மூலத்தோடு ஒத்துப் பார்க்கத் தெரிந்த ஒரு நூலகர் பக்கத்தில் இருந்தால், தரமணியில் உட்கார்ந்துகொண்டு ஜப்பானின் செருப்புத் தொழிலாளியைப் படிக்கலாம்.

பக்கத்தில் இருப்பதையும் அந்தக் கருவி எடுத்துக் கொடுக்க வேண்டும். போரூர் ஸ்ரீராமச்சந்திராவின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, வெக்கையில் வேலை செய்பவர்களுக்குக் கரு கலையும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு என்று எழுதினார்கள். கட்டுரை பிரிட்டன் மகப்பேறு இதழில் வந்தது. ஒரகடத்து ஆலை மருத்துவர் 'கர்ப்பிணிக்கு எவ்வளவு வெப்பம் ஆகும்' என்று ஒரு கருவியிடம் கேட்டால் முதலில் வருவது குளிர்நாட்டு வழிகாட்டி நெறிகள்தான். கேள்வியில் 'தமிழ்நாடு' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும்.

கோபுரத்தில் ஏறியவர் ஊர்

கேள்வி கிடைத்து, கட்டுரையும் கிடைத்துவிட்டது. திறந்து படிக்க முடியுமா? மத்திய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள், 6,300 அரசு நிறுவனங்கள். நல்ல காரியம். ஆனால் தண்டலத்துத் தனியார் கல்லூரியும் ஆலை மருத்துவரும் சுங்குவார்சத்திரத்துக் கிளினிக்கும் இந்தக் கணக்கில் வரவில்லை. இதைவிடத் தாராளமான ஒன்று நம் மாநிலத்துக்குத் தொடர்புடையதாக 2007-இல் நடந்தது. வேலூர் சி.எம்.சி.யில் தெற்காசியக் காக்ரேன் மையம் இயங்கிவந்த காலம் அது. சிகிச்சைகளை அலசி ஆராயும் காக்ரேன் நூலகத்தை இணைய வசதியுள்ள ஒவ்வொரு இந்தியருக்கும் திறந்துவிட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பணம் கட்டியது. அங்கே கல்லூரி அடையாள அட்டை கேட்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் ராமாநுஜர் பிறந்த ஊர். குரு ரகசியமாக உபதேசித்த மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னார் என்பது கதை. குருவுக்குக் கோபம் வந்தது. நம் காலத்தில் பெரிய பதிப்பகங்கள், பூட்டிவைத்த கட்டுரைகளை எல்லோருக்கும் திறந்துவிட்ட சை-ஹப் தளத்தின் மேல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2020-இல் வழக்குப் போட்டன. 2025 ஆகஸ்டில் தளத்தை முடக்க உத்தரவும் வந்தது. திருக்கோஷ்டியூர் நம்பி கடைசியில் மனம் மாறினார் என்கிறார்கள்.

இந்த மாதிரிச் செய்திகளை எல்லாம் கவனித்துக்கொண்டிருப்பதும் நூலகரின் வேலையில் சேர்த்தி. எந்தத் தளம் மூடியது, எந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, எந்தக் கருவி நேற்றிலிருந்து வேறு மாதிரிப் பதில் சொல்கிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் ஊழியர்களில் பெரும்பாலோருக்கு வேலைநீக்க அறிவிப்பு போனது. ஒரகடத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். உலகெங்கும் ஆலை மருத்துவர்கள் வேதிப்பொருள் அளவு பார்க்கப் புரட்டும் கையேடு அவர்கள் போட்டது. செயலிகள் சொல்லும் பதிலின் அடியில் இருப்பதும் அதுவாக இருக்கலாம். பதிலைப் புதிதாகச் சொல்லும் கருவி, அடியில் இருக்கும் ஏடு பழையதாகிப் போனதைத் தானாகச் சொல்லாது.

சரி, நம் கற்பனைப் பெண் மறுபடி கிளினிக்குக்கு வருகிறாள். இந்த முறை மருத்துவருக்குத் தெரிந்த நூலகர் ஒருவர் தொலைபேசியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்; கற்பனைக்கு என்ன பஞ்சம்.

"அந்தத் தண்ணி டப்பாவை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க சார்."

மருத்துவர் கேட்கிறார். பெண் சிரிக்கிறாள். லைனுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

"பெரிய கேன்ல இருந்து சின்ன பாட்டில்ல ஊத்திக் குடுப்பாங்களாம்மா? சின்னதுல லேபிள் இருக்கா?"

"சின்னதுல ஒண்ணும் இருக்காது மேடம். பெரிய கேன்ல என்னமோ இங்கிலீஷ்ல எழுதியிருக்கும்."

"பேரு வேணாம். நடுவுல ரெண்டு கோடு போட்ட நம்பர் ஒண்ணு இருக்கும், அதை மட்டும் பாருங்க. மூணு துண்டா இருக்கும். பேனா கொண்டுபோக விடுவாங்கள்ல?"

பேனா கொண்டுபோகலாம். அவள் இடது உள்ளங்கையை ஒரு முறை பார்த்துக்கொள்கிறாள்.